தேங்காய் எண்ணெய் தடவிய மோட்டார்

இதை நான் சரியாகச் சொல்வேனா என்று பயமாக இருக்கிறது, தங்கச்சி. நான் சொன்னால் எதுவும் கோணலாகத்தான் போய்ச் சேரும். என் மகளிடம் சொன்னேன், சிரித்தாள். நாத்தனாரிடம் சொன்னேன், "உங்களுக்கு வேற வேலையே இல்லையா மதினி" என்றாள். ஏழாம் வகுப்போடு நின்றவள் நான். எதை முதலில் சொல்வது, எதைப் பிறகு சொல்வது என்பது எனக்குப் பிடிபடாது. ஆனால் நீங்களாகக் கேட்டீர்கள். தினமும் திருமங்கலத்தில் இந்த ஒன்பதரை பஸ்ஸைப் பிடித்து, மடியில் சாப்பாட்டுக் கூடையோடு எங்கேக்கா போறீங்க என்று கேட்டீர்கள். பெரியார் ஸ்டாண்டு வருவதற்குள் சொல்லிவிடுகிறேன். நடுவில் நான் எங்காவது தடுமாறினால் அதை அவளுக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது ஒன்றுதான் நான் கேட்பது.

அவள் என்றால் ரெஜினா. டவுன்ஹால் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் ஏசி சாமான் கடை வைத்திருக்கிறாள். புது ஏசி இல்லை. பழைய ஏசிகளைக் கழற்றிப் பிரித்து மோட்டார், போர்டு, குழாய் என்று தனித்தனியாக விற்கிற கடை. வயது நாற்பத்தைந்து இருக்கும். புருஷன் குவைத்தில். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவான். இதை எதற்குச் சொல்கிறேன் என்று உங்களுக்குப் புரிகிறது அல்லவா? புரியும். நீங்களும் குடும்பத்துப் பெண்தான்.

எங்கள் வீட்டு ஏசி பதினான்கு வருஷத்துப் பழசு. எனக்குக் கர்ப்பப்பை எடுத்த வருஷம் வாங்கியது. ஆபரேஷனுக்குப் பிறகு எனக்கு உடம்பெல்லாம் திகுதிகு என்று எரியும். முகம் வேர்த்து ஊற்றும். அப்போது எங்கள் வீட்டுக்காரர் கப்பலூர்ப் பக்கம் ஒரு மில்லில் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். போன சித்திரையில், வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில், அந்த ஏசி கிர்ரென்று இரண்டு நாள் கத்தியது. மூன்றாம் நாள் நின்றுவிட்டது. வெளியே இருக்கிற பெட்டி ஓடுகிறது, உள்ளே காற்று வரவில்லை.

கம்பெனிப் பையன் வந்து பார்த்தான். "உள்ள காத்து ஊதுற மோட்டார் போயிருச்சு சார். இந்த மாடலுக்கு ஸ்பேர் வர்றதே இல்ல. பேசாம புதுசு மாட்டிருங்க" என்றான்.

அங்கேயே முடிந்திருக்க வேண்டிய விஷயம். நியாயமான மனுஷன் புதுசு வாங்கியிருப்பான். இவர் கேட்டாரா? "உள்ள இருக்கிற குழாயெல்லாம் செம்பு, தம்பி. இப்ப எவன் செம்பு போடுறான்? ஒரு மோட்டாருக்காக இதத் தூக்கிப் போடச் சொல்றியே" என்று அவனுக்கே பாடம் எடுத்து அனுப்பிவிட்டார். திருமங்கலத்தில் நான்கு கடை கேட்டார். யாரோ ஒரு மெக்கானிக், "மதுரையில ரெஜினாம்மா கடையில இல்லாத பீஸ் எங்கயும் கிடையாது" என்று சொல்லியிருக்கிறான். அந்த மெக்கானிக் நல்லா இருக்க மாட்டான்.

முதல் நாள் போய்விட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தார். ரசம் ஊற்றுகிறேன். "அந்தம்மா மோட்டாரக் கையில வச்சு ஒரு சுத்து சுத்துது, சத்தத்த வச்சே சொல்லிருது, பேரிங் போயிருச்சு, காயில் போயிருச்சுன்னு" என்கிறார். முப்பத்தோரு வருஷமாக நான் ரசம் வைக்கிறேன். கையில் எடுத்து மோந்து பார்த்தே உப்பு சொல்லிவிடுவேன். அதை ஒருநாள் ஒருத்தரிடம் சொல்லியிருக்கிறாரா இந்த மனுஷன்?

அன்றைக்கு வாங்கி வந்த மோட்டாரை மாட்டினார். ஓடியது. காற்றுதான் வரவில்லை. அது எதிர்ப்பக்கமாகச் சுற்றுகிற மோட்டாராம். மறுநாள் மாற்றப் போனார். எதிர்ப்பக்கம் சுற்றும் என்று அவளுக்குத் தெரியாதா? சத்தத்தை வைத்தே எல்லாம் சொல்கிறவளுக்கு இது தெரியாதா? மறுபடி வரட்டும் என்றுதான் கொடுத்திருக்கிறாள். அப்போதே எனக்குப் பட்டது.

இரண்டாம் தடவை போனபோது அவள் சொல்லி அனுப்பியிருக்கிறாள். "ஏசிக்கு வெளிய ஒட்டியிருக்கிற நம்பர் ஆகாது சார். பழைய மோட்டாரையே கொண்டாங்க. அதுமேல ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அந்த நம்பர் இருந்தா மெட்ராஸ்லருந்து வரவச்சிரலாம்."

இவர் மறுநாள் காலையில் ஏணி போட்டு ஏறி, பரணில் தூக்கிப் போட்டிருந்த பழைய மோட்டாரை இறக்கினார். பதினான்கு வருஷத்து அழுக்கு. துணியால் துடைத்தார். உள்ளேயிருந்து வெள்ளை ஸ்டிக்கர் தெரிந்தது. "இந்தா, நம்பர் இருக்கு! தெளிவா இருக்கு!" என்று கத்தினார். எங்கள் மகள் பிறந்தபோதுகூட இப்படிக் கத்தவில்லை. ஒரு படம் எடுத்து அனுப்பலாமே என்று வாய் வரை வந்தது எனக்கு. கேட்கவில்லை. அவராகவே, "பீஸையே கொண்டு போறேன், சாயங்காலம் வெயில் தாழ" என்று மேஜைமேல் வைத்துவிட்டு, சாப்பிட்டு, படுத்துத் தூங்கிவிட்டார்.

தங்கச்சி, இந்த இடத்தை நான் எப்படிச் சொல்வது? சொல்லாமல் விட்டால் கதை நிற்காது. சொன்னால் நீங்கள் என்னைத் தப்பாக நினைப்பீர்கள்.

புது எவர்சில்வர் பாத்திரம் வாங்கினால் மேலே ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும் அல்லவா? அதை எப்படி எடுப்போம்? தேங்காய் எண்ணெய் தடவிக் கொஞ்ச நேரம் வைத்தால் ஊறி வந்துவிடும். நகத்தால் தள்ளினால் போதும். தழும்புகூட இருக்காது. அதைத்தான் செய்தேன். நம்பர் இல்லை என்றால் மெட்ராசில் கேட்க முடியாது. மெட்ராசில் கேட்க முடியாவிட்டால் புதுசு வாங்கித்தான் ஆக வேண்டும். புதுசு வாங்கினால் அந்தச் சந்துப் பக்கம் போக வேலை இல்லை. என் கணக்கு சரியாகத்தான் இருந்தது. குடும்பத்தைக் காப்பாற்ற நினைத்தேன், அவ்வளவுதான். எண்ணெயைத் துடைத்துவிட்டேன். சோப்புப் போடவில்லை, மோட்டாருக்குத் தண்ணீர் ஆகாது என்று பயம். பாருங்கள், அப்போதுகூட மோட்டாருக்காகப் பயந்தேன்.

எழுந்து வந்து பார்த்தார். "ஸ்டிக்கர் எங்க?"

"எந்த ஸ்டிக்கர்?"

"காலையில இருந்துச்சே, நம்பர் போட்டு."

"ஜன்னல் வெயில்ல வச்சிருந்தீங்க. காஞ்சு விழுந்திருக்கும். பெருக்கிட்டேன்."

என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். மோட்டாரை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

இப்போதுதான் வினை பிடித்தது. நம்பர் இருந்திருந்தால் ஒரு தடவை போய், சொல்லிவிட்டு, வந்திருப்பார். நம்பர் போனதால் என்ன ஆயிற்று? அவள் கடையில் பழைய மோட்டார் ஒன்பது மூட்டை கிடக்கிறதாம். ஒவ்வொன்றாக எடுத்து, தண்டின் நீளம், வயர் எத்தனை, திருகு ஓட்டை எங்கே, எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று ஒத்துப் பார்க்க வேண்டுமாம். தினமும் போக ஆரம்பித்துவிட்டார்! காலையில் தோசை தின்றுவிட்டுப் போனால் சாயங்காலம்தான் வருவார். கையெல்லாம் கிரீஸ். வாயில் பாட்டு முனகல். மில்லை விட்டு வந்த நாளிலிருந்து அந்த முகத்தில் இப்படி ஒரு தெளிச்சி பார்த்ததில்லை. நான் என் கையாலேயே அவரைக் கொண்டுபோய் அங்கே உட்கார வைத்த மாதிரி ஆகிவிட்டது.

"மத்தியானம் எங்க சாப்பிட்டீங்க?"

"அந்தம்மா மீன் குழம்பு கொண்டாந்துச்சு. ரெண்டு வாய் சாப்பிட்டேன்."

மீன் குழம்பு! எனக்குப் பிடிக்காது என்று வீட்டில் மீன் வாங்கியே எத்தனையோ வருஷம் ஆகிறது. கேட்டதில்லை அவர். ஒருநாள்கூட கேட்டதில்லை. ஆசை இல்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

"இங்க நான் வெந்து சாகுறேன், அங்க உங்களுக்கு மீன் குழம்பா?" என்றேன்.

"உனக்காகத்தானே அலையுறேன்" என்றார். மாட்டிக்கொண்ட ஆண்பிள்ளை எல்லோரும் அதைத்தானே சொல்வார்கள்?

திருப்பரங்குன்றம் வந்துவிட்டதா? சரி, நேரம் இருக்கிறது.

ஏழாவது நாள் அவர் பென்ஷனுக்கு உயிரோடு இருக்கிறேன் என்று சர்ட்டிபிகேட் கொடுக்க பேங்குக்குப் போக வேண்டியிருந்தது. வரிசையில் நின்றால் மத்தியானம் ஆகும். நான் மோட்டாரை வயர் கூடையில் வைத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடி, இதே பஸ்ஸில் ஏறினேன். அதுவரை தனியாக மதுரைக்கு நான் போனதே இல்லை. நல்ல சேலை கட்டியிருந்தேன். சண்டைக்குப் போகும்போது நல்லதாகக் கட்ட வேண்டும்.

கடை என்றால் என்ன நினைத்தீர்கள்? குகை மாதிரி இருந்தது. நடுவில் ஒரு ஸ்டூல், அதில் அவள். பார்க்க ஒன்றும் இல்லை. நைட்டிமேல் துண்டு போட்டிருந்தாள், மூக்கில் கண்ணாடி, காதில் பேனா. ஆனால் வாசலில் ஆறு ஆண்பிள்ளைகள் கை கட்டி நிற்கிறார்கள். "ரெஜினாம்மா, இத ஒரு கண்ணு பாருங்க" என்று கெஞ்சுகிறார்கள். அவள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "அத வை. நீ சொல்லு. உனக்கு நாளைக்கு" என்கிறாள். எனக்கு வயிறு எரிந்தது. ஏன் எரிந்தது என்று கேட்காதீர்கள். என் புருஷனும் இந்த வரிசையில்தானே நின்றிருப்பார் என்றுதான் எரிந்தது. வேறு என்ன?

கூடையைக் கொண்டுபோய் மேஜைமேல் வைத்தேன். துண்டை எடுத்தாள். "இது சௌந்தரபாண்டியன் சார் மோட்டார்ல?"

என் புருஷன் பேரை வாய் நிறையச் சொன்னாள், தங்கச்சி. முப்பத்தோரு வருஷமாக நான் சொன்னதில்லை.

"நீங்க சார் வீட்டம்மாவா? வாங்கக்கா, உக்காருங்க" என்றாள். நான் உட்காரவில்லை. மோட்டாரைத் தூக்கி மூக்குக்கிட்டே வைத்தாள். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள். கிட்டே வந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல், "யக்கா, ஸ்டிக்கர எடுத்தது நீங்கதானே?" என்றாள்.

கூடைத் துண்டை இழுத்துக் கையில் சுருட்டிக்கொண்டேன். "யார் சொன்னா?"

"மோட்டாருக்கு எவனும் தேங்காயெண்ண போட மாட்டான். பாத்திரத்து ஸ்டிக்கர் எடுக்கிற கை இது. மொத நாளே வாசம் தெரிஞ்சிருச்சு."

"அவர்ட்ட சொல்லிட்டியா?"

"நான் எதுக்குச் சொல்றேன்? உங்க வீட்டு எண்ண, உங்க வீட்டு மோட்டார்."

"அப்ப எதுக்கு அவர தினம் வரச்சொன்ன? மீன் குழம்பு எதுக்கு?"

சத்தமாகத்தான் கேட்டுவிட்டேன். ஆறு பேரும் திரும்பினார்கள். அவள் அவர்களைப் பார்த்து, "என்ன வேடிக்கை? டீ குடிச்சிட்டு வாங்கடா எல்லாரும்" என்று விரட்டினாள். பிறகு என்னிடம், "யக்கா, சார் இங்க வந்து பேசுறது பூரா உங்களப் பத்தித்தான். ஆபரேஷனுக்கு அப்புறம் வீட்டம்மாவுக்கு உடம்பு எரியும், புது மெஷின் சத்தம் ஆகாது, இந்தப் பழைய மெஷின் சத்தத்துக்குத்தான் தூக்கம் வரும்னு. கேட்டுக் கேட்டு எனக்கே உங்க உடம்பு மனப்பாடம் ஆயிருச்சு" என்றாள்.

பார்த்தீர்களா? என் உடம்பு விவரம் எல்லாம் அவளிடம் போயிருக்கிறது! என் ஆபரேஷன், என் எரிச்சல், என் தூக்கம். மாமியாருக்குக்கூட நான் முழுசாகச் சொல்லாதது. இந்த அளவுக்குப் பேச்சு இருக்கிறது என்றால் நான் சந்தேகப்பட்டதில் என்ன தப்பு?

அழுகை வந்தது. அவள் முன்னால் அழக்கூடாது என்று, "எங்க அந்த மூட்டை?" என்றேன். மூன்று மூட்டைதான் மிச்சம் என்றாள். ஒரு கோணியை விரிக்கச் சொல்லி, மூன்றையும் மொத்தமாகக் கொட்டச் சொல்லி, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். நல்ல சேலை, போனால் போகட்டும். ஆண்பிள்ளைகள் ஒவ்வொன்றாக எடுத்து அளந்து பார்ப்பார்களாம். அப்படியா சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குகிறோம்? முதலில் நீளத் தண்டு, குட்டைத் தண்டு என்று ஒதுக்கினேன். பிறகு ஐந்து வயர், ஆறு வயர். பிறகு தண்டு நுனியில் ஒருபக்கம் சீவி இருப்பது, சீவாதது. ஏழு மோட்டார் மிஞ்சியது. ஒவ்வொன்றையும் எங்கள் மோட்டாரோடு முதுகோடு முதுகு வைத்து, திருகு ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தேன். ஐந்தாவது, அச்சு அசல். கையில் வைத்து அவள் மாதிரியே ஒரு சுற்று சுற்றினேன். வழுக்கிக்கொண்டு போயிற்று.

ரெஜினா வாங்கி, வயர் கொடுத்து ஓட்டிப் பார்த்தாள். சரியான பக்கம் சுற்றியது.

"யக்கா, சார் ஒரு வாரமாத் தேடுனதை ரெண்டு மணி நேரத்துல எடுத்துட்டீங்க" என்றாள். டீ குடித்துவிட்டு வந்த ஆறு பேரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தன், "யக்கா, எனக்கும் ஒண்ணு பொறுக்கித் தாங்களேன்" என்றான். எனக்குப் பெருமையெல்லாம் இல்லை. எரிச்சலாகத்தான் இருந்தது. இருந்தாலும் பொறுக்கிக் கொடுத்தேன். அவன் கேட்கும்போது மாட்டேன் என்றா சொல்வது?

வீட்டில் மோட்டாரை மாட்டினார். காற்று வந்தது. "யாரு எடுத்துக் கொடுத்தா?" என்றார். நான்தான் என்றேன். நம்பாமல் என் கையைத் திருப்பிப் பார்த்தார். நகக்கண்ணில் கிரீஸ். அப்படியே கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எதற்குச் சிரிக்கிறார்? அவளிடம் போக இனிச் சாக்கு இல்லையே என்ற ஏமாற்றத்தை மறைக்கிற சிரிப்பு என்று நினைத்தேன். நினைத்தபடியே மறுநாள் காலையில், "அந்தம்மாவுக்கு ஒரு கிலோ அல்வா கொடுத்துட்டு வரணும்" என்று சட்டையை மாட்டினார். "நான் கொடுத்துக்கிறேன், நீங்க இருங்க" என்று பையைப் பிடுங்கிக்கொண்டு நான் கிளம்பினேன்.

அப்படித்தான் ஆரம்பித்தது, தங்கச்சி. அல்வா கொடுக்கப் போனேன். மூட்டை கொட்டிக் கிடந்தது, பார்க்கச் சகிக்கவில்லை, பிரித்து வைத்தேன். மறுநாள், அவர் எனக்குத் தெரியாமல் வருகிறாரா என்று பார்க்கப் போனேன். அதற்கு மறுநாளும். பழைய ஏசி அல்லவா, இன்றைக்கு மோட்டார், நாளைக்குப் போர்டு, அடுத்து வேறு ஏதாவது. எது போனாலும் இவர் அங்கேதானே ஓடுவார்? அதற்குள் நான் அங்கே இருக்க வேண்டும். இப்போது கார்த்திகை. எட்டாவது மாசம். ஒருநாள் தவறவில்லை. அவள் என்னைப் பார்த்துச் சிரிப்பாள், நானும் சிரிப்பேன். அவள் குவைத்துக்காரனைப் பற்றி அழுவாள், நான் மூக்கைத் துடைத்துவிடுவேன். ஆனால் மனசுக்குள் ஜாக்கிரதையாகத்தான் இருக்கிறேன். வாசல் ஸ்டூலில் இப்போது நான்தான் உட்காருகிறேன். அவள் உள்ளே போர்டு பார்க்கிறாள். எவன் வந்தாலும் முதலில் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும்.

வீட்டில் அவர் சோறு வடித்துக்கொள்கிறார். ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கிக் கொடுத்தேன். செய்முறை அவளிடம்தான் கேட்டேன். என்ன செய்வது, எதிரியிடமும் கேட்க வேண்டியிருக்கிறது.

போன வாரம் நடந்ததைச் சொன்னால்தான் உங்களுக்கு நான் பொய் சொல்லவில்லை என்று தெரியும். ரெஜினாவுக்குக் கண்ணில் புரை. போனில் எழுத்து தெரியவில்லை என்று கடை போனை என் கையில் கொடுத்துவிட்டாள். ஆட்கள் வாட்ஸ்அப்பில் அனுப்புகிற படம், பேசிப் பதிந்த பேச்சு எல்லாம் இப்போது நான்தான் பார்க்கிறேன். வியாழக்கிழமை பதினொரு மணிக்கு ஒரு பேச்சு வந்தது. அழுத்தினேன். எங்கள் வீட்டுக்காரர் குரல்!

"ரெஜினாம்மா, ஒண்ணுமில்ல. அவளுக்கு வீட்டுல ஒரே உங்க கடைப் பேச்சுதான். முந்தி மாதிரி சும்மா உக்காந்து கவலப்படுறதில்ல. மகளுக்கு தினம் மூணு தடவ போன் போட்டு அழுகிறதில்ல. நல்லாத் தூங்குறா. வேலை இல்லைன்னு அவள நிறுத்திராதீங்க. வேலை இல்லாட்டியும் ரெண்டு மூட்டையக் கொட்டி முன்னால போட்டிருங்க. கெட்டிக்காரி அவ, நாந்தான் இத்தன வருஷம் கவனிக்கல. நான் சொன்னேன்னு அவகிட்ட சொல்லிராதீங்க."

சொல்லிராதீங்க! கேட்டீர்களா? இரண்டு பேருக்கும் நடுவில் ரகசியம் இருக்கிறது என்று நான் சொன்னேனா இல்லையா? கெட்டிக்காரி என்று என்னிடம் சொல்வதற்கு என்ன? முப்பத்தோரு வருஷம் ஒரே வீட்டில் இருக்கிறோம். அதைப் போய் அவளிடம் சொல்கிறார், அதுவும் அப்படி ஒரு குரலில். எனக்கு அந்தக் குரலில் ஒரு வார்த்தை பேசியதில்லை. சரியாகத்தான் கேட்டேனா என்று பதினோரு தடவை போட்டுக் கேட்டேன். உள்ளேயிருந்து ரெஜினா, "என்னக்கா, யாரு? சார் குரல் மாதிரி இருக்கு?" என்றாள். "கஸ்டமர்" என்றேன்.

பழங்காநத்தம் தாண்டிவிட்டோம். நான் இறங்கத் தயாராக வேண்டும்.

பாதுகாப்புக்கு என்ன செய்தேன் தெரியுமா? முதலில் அந்தப் பேச்சை என் போனுக்கு அனுப்பி வைத்துக்கொண்டேன். சாட்சிக்கு. அவர் தூங்கின பிறகு தினமும் ஒரு தடவை காதில் வைத்துக் கேட்டுக்கொள்கிறேன், மறந்துவிடக் கூடாது அல்லவா? அப்புறம் கடை போனில் அவர் நம்பரைத் தேடி எடுத்தேன். பிளாக் பண்ணிவிட்டேன். இனிமேல் அவருக்கு என்னைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டும் என்றால், என்னிடம்தான் வந்து சொல்லியாக வேண்டும்.